கிளை அலுவலக இணையத் தொலைபேசிக்கு கான்ஃபரன்ஸ் போன் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கான்ஃபரன்ஸ் போனை வாங்குபவர் ஒருவர், அதன் தரத்தைக் காதால் அனுபவிப்பவர் வேறொருவர். கிளை அலுவலகத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தக் கருவியின் ஸ்பீக்கர் மட்டும்தான் கேட்கும். மைக் எப்படி வேலை செய்கிறது என்பது தலைமை அலுவலகத்திலோ வாடிக்கையாளர் இடத்திலோ போனைக் காதில் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். அதனால்தான் பல இடங்களில் புகார் வந்தாலும், "எங்களுக்கு நன்றாகத்தானே கேட்கிறது" என்ற பதிலோடு அது முடிந்துபோகிறது. அறை, இணைப்பு, கோடெக் (குரலை இலக்கத் தரவாக மாற்றும் முறை), கருவி என்று எதைப் பார்த்தாலும், மறுமுனையில் இருப்பவருக்கு என்ன கேட்கும் என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியை வைத்துத்தான் போகிறது.

படி 1: எந்த வகைக் கருவி வேண்டும்?

சந்தையில் "கான்ஃபரன்ஸ் போன்" என்ற பெயரில் மூன்று வெவ்வேறு பொருட்கள் விற்கின்றன.

முதல் வகை எஸ்.ஐ.பி கான்ஃபரன்ஸ் போன். எஸ்.ஐ.பி என்பது இணையம் வழியாக அழைப்பை ஏற்படுத்தும் நெறிமுறை. நெட்வொர்க் கேபிளைச் செருகினால் உங்கள் பி.பி.எக்ஸ்-இல் (அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்) தனி எக்ஸ்டென்ஷனாக (உள் எண்) பதிவாகும். யாருடைய மடிக்கணினியும் தேவையில்லை. இரண்டாவது யு.எஸ்.பி அல்லது புளூடூத் ஸ்பீக்கர்போன். இது கணினியில் ஓடும் மென்பொருளுக்கு மைக்கும் ஸ்பீக்கரும் தருவதோடு சரி, தானாக ஓர் அழைப்பை எடுக்க இதால் முடியாது. மூன்றாவது இரண்டும் கலந்தது. பாலி நிறுவனத்தின் டிரியோ வரிசையிலும் யீலிங்கின் சிபி வரிசையிலும் இப்படிப்பட்ட மாடல்கள் உண்டு.

கிளையில் நடக்கும் கூட்டங்கள் எல்லாமே மடிக்கணினி வழியாக வீடியோ செயலியில் நடக்கின்றன என்றால் யு.எஸ்.பி ஸ்பீக்கர்போன் போதும். அறைக்கு என்று ஓர் எண் வேண்டும், வெளியிலிருந்து அந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், கணினி தெரியாத ஒருவரும் பொத்தானை அழுத்திப் பேச வேண்டும் என்றால் எஸ்.ஐ.பி போன்தான். இரண்டும் நடக்கும் அறைக்குக் கலப்பு வகை வாங்குவது நல்லது.

பழைய அனலாக் கான்ஃபரன்ஸ் போன் கையில் இருந்தால், அனலாக் அடாப்டர் ஒன்றை வைத்து அதையே ஓட்டலாம் என்று யோசிப்பீர்கள். ஓடும். ஆனால் பின்னால் சொல்லப்போகும் அகன்ற அலைவரிசை ஒலி அதில் கிடைக்காது. தற்காலிக ஏற்பாடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: உங்கள் பி.பி.எக்ஸ் அதை ஏற்குமா?

எஸ்.ஐ.பி பொதுத் தரம். இன்று நடைமுறையில் உள்ள பதிப்பு 2002-இல் ஆர்.எஃப்.சி 3261 என்ற இணையத் தர ஆவணமாக வெளியானது. ஆகவே ஆஸ்டெரிஸ்க், ஃப்ரீபிபிஎக்ஸ், 3சிஎக்ஸ் போன்ற பி.பி.எக்ஸ் அமைப்புகளில் பொதுவான எஸ்.ஐ.பி போன் பெரும்பாலும் பதிவாகும். ஆனால் பெட்டியில் "எஸ்.ஐ.பி" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் பயன்படுத்துபவர்கள் அதற்கெனச் சான்று பெற்ற மாடலைத்தான் தேட வேண்டும். சிஸ்கோவில் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் போனே இரண்டு ஃபர்ம்வேர்களில் (உள் மென்பொருள்) வருகிறது. ஒன்று அவர்களுடைய சொந்த பி.பி.எக்ஸ் ஆன கால் மேனேஜருக்கு, மற்றொன்று பிற நிறுவனங்களின் அமைப்புகளுக்கு. மாடல் எண்ணின் வால் பகுதியைப் படிக்காமல் ஆர்டர் கொடுத்தால் பதிவே ஆகாத கருவி வந்து சேரும். பயன்படுத்திய போன் வாங்குவதாக இருந்தால், அது பழைய சேவையாளருக்குப் பூட்டப்பட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கிளை அலுவலகத்துக்கென்று இன்னொரு நிபந்தனை உண்டு. அங்கே தொழில்நுட்பம் தெரிந்தவர் பெரும்பாலும் இருக்கமாட்டார். ஆகவே தானியங்கி அமைப்பேற்றம் இல்லாத போனைத் தவிர்த்துவிடுங்கள். அது எப்படி வேலை செய்கிறது என்றால், போனின் மேக் முகவரியை (கருவியின் தனி அடையாள எண்) நீங்கள் முன்கூட்டியே தயாரிப்பாளரின் சர்வரில் பதிந்து வைக்கிறீர்கள். பெட்டி நேராகக் கிளைக்குப் போகிறது. அங்குள்ளவர் கேபிளைச் செருகியதும் போன் அந்த சர்வரைக் கேட்டு, உங்கள் அமைப்புக் கோப்பு இருக்கும் முகவரியைத் தெரிந்துகொண்டு, எச்.டி.டி.பி.எஸ் வழியாக அதை இறக்கித் தானே பதிவாகிறது. ரவுட்டர் போனுக்கு முகவரி தரும்போதே சர்வர் முகவரியையும் சொல்லும் டி.எச்.சி.பி ஆப்ஷன் 66 வழியாகவும் இதைச் செய்யலாம்தான், ஆனால் கிளையில் இருக்கும் சாதாரண ரவுட்டர்கள் பலவற்றில் அந்த வசதி இருப்பதில்லை.

படி 3: அளவு நாடாவோடு அறைக்குள் போங்கள்

மேசையின் நடுப்புள்ளியிலிருந்து தொலைதூர நாற்காலியில் உட்காருபவரின் வாய்வரை எத்தனை மீட்டர்? போனின் விலையைப் பார்ப்பதற்கு முன் இந்த எண் கையில் இருக்க வேண்டும்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. சாதாரணப் பேச்சு 1 மீட்டரில் ஏறத்தாழ 60 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால் 2 மீட்டரில் 54, 4 மீட்டரில் 48. அறையில் ஏ.சி-யும் புரொஜெக்டர் விசிறியும் சேர்ந்து 45 டெசிபெல் இரைச்சல் போட்டால், 4 மீட்டரில் இருப்பவரின் குரல் இரைச்சலைவிட 3 டெசிபெல் மட்டுமே மேலே நிற்கும். மூடிய அறையில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் மொத்த ஒலி இவ்வளவு வேகமாகக் குறையாது. ஆனால் அப்படித் திரும்பி வருவது தெளிவான பேச்சாக இல்லாமல் கலங்கலாகத்தான் மைக்கை அடையும். "கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கிறது" என்று மறுமுனை சொல்வது இதைத்தான்.

பெட்டியில் "6 மீட்டர் மைக் எல்லை" என்று எழுதியிருக்கும். அமைதியான அறையில் அந்தத் தூரத்திலிருந்து சத்தம் பிடிபடும் என்பது உண்மையாக இருக்கலாம். வார்த்தை புரியுமா என்பது வேறு கேள்வி. நான் அந்த எண்ணைப் பாதியாகத்தான் கணக்கில் எடுப்பேன். 6 மீட்டர் என்றால் 3. உங்கள் தொலைதூர நாற்காலி அதற்குள் வந்தால் கூடுதல் மைக் தேவையில்லை. வராவிட்டால் விரிவாக்க மைக் செருகும் வசதியுள்ள மாடல் வேண்டும். வயர் இல்லாத மைக்குகள் மேசையைச் சுத்தமாக வைக்கும், ஆனால் யாராவது தினமும் சார்ஜில் போட வேண்டும். கிளையில் அந்தப் பொறுப்பை ஏற்க ஆள் இல்லை என்றால் வயர் உள்ளதையே வாங்குங்கள்.

கண்ணாடிச் சுவர், டைல்ஸ் தரை, வெறும் மேசை மூன்றும் சேர்ந்த அறையில் எவ்வளவு விலை உயர்ந்த போனும் திணறும். அங்கே ஒரு கனமான திரையும் தரைவிரிப்பும் போட்டுவிட்டு நடுத்தர விலைப் போன் வாங்குவது, வெறும் அறையில் உச்ச விலைப் போன் வைப்பதைவிட மறுமுனைக்கு நன்றாகக் கேட்கும். இந்தச் செலவைக் கணக்குப் பிரிவு கேள்வி கேட்கும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 4: எதிரொலி யாருடைய கோளாறு?

அழைப்பில் உங்கள் குரல் உங்களுக்கே திரும்பிக் கேட்டால், பெரும்பாலும் கோளாறு உங்கள் கருவியில் இல்லை, எதிர்ப்பக்கக் கருவியில் இருக்கிறது. உங்கள் குரல் அங்குள்ள ஸ்பீக்கரில் வெளிவந்து, சுவரில் பட்டு, அங்குள்ள மைக்கில் நுழைந்து திரும்பி வருகிறது. அதைக் கழித்துவிடுவது அந்தப் போனுக்குள் இருக்கும் எதிரொலி நீக்கியின் வேலை. அதாவது கிளையில் மோசமான போன் வைத்தால் அவதிப்படுவது தலைமை அலுவலகம். அவர்கள் தங்கள் போனைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள்.

இணைய அழைப்பில் இது இன்னும் மோசமாகத் தெரியும். திரும்பி வரும் குரல் சில மில்லிவினாடிகளில் வந்துவிட்டால் நம் காது அதைத் தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. போக 150, வர 150 என்று 300 மில்லிவினாடி கழித்து வரும்போது அது பேச்சையே தடுமாற வைக்கும்.

எதிரொலியைத் தடுக்க மலிவான கருவிகள் ஒரு குறுக்குவழியைப் பிடிக்கின்றன. ஒரு பக்கம் பேசும்போது மறுபக்க மைக்கை அடக்கிவிடுகின்றன. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேச்சு துண்டு துண்டாக விழும். இடையில் "ஆமாம்", "ஒரு நிமிஷம்" என்று சொல்வது போய்ச் சேரவே சேராது. சர்வதேசத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான ஐ.டி.யு-டி-யின் பி.340 பரிந்துரை கைபடாப் பேச்சுக் கருவிகளை இந்த அடிப்படையில் வகைப்படுத்துகிறது. முதல் வகையில் இரு பக்கமும் தடையின்றிப் பேசலாம். இரண்டாம் வகை 2ஏ, 2பி, 2சி என்று படிப்படியாகக் குறைகிறது. மூன்றாம் வகையில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். "முழு டூப்ளக்ஸ்" (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம்) என்று எல்லா விளம்பரமும் சொல்லும். பி.340 முதல் வகையா என்று விற்பவரிடம் கேளுங்கள். தயாரிப்பாளரின் தரவுத்தாளில் அது இருந்தால் நல்ல அறிகுறி.

படி 5: கிளையின் இணைய இணைப்பு

கோடெக்கிலிருந்து தொடங்குவோம். தொலைபேசி உலகின் பழைய நம்பகமான கோடெக் ஜி.711. 1972-இல் வந்தது. வினாடிக்கு 64 கிலோபிட். 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே அது கொண்டுசெல்கிறது. 1988-இல் வந்த ஜி.722 அதே 64 கிலோபிட்டில் 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுசெல்லும். இதுதான் முன்பு சொன்ன அகன்ற அலைவரிசை ஒலி. இணைப்பில் கூடுதல் இடம் எதுவும் கேட்காமல் தெளிவு கூடுகிறது. போனில் எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது "எஃப்"-ம் "எஸ்"-ம் குழம்புவது ஏன் என்றால், அவற்றைப் பிரித்துக்காட்டும் சீறல் ஒலியின் பெரும்பகுதி 3400 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. தூரத்து மைக்கில் ஏற்கெனவே தெளிவு குறைந்த குரலுக்கு இந்த மேல்பகுதி ரொம்பவும் தேவை. ஆகவே ஜி.722 இல்லாத கான்ஃபரன்ஸ் போனை வாங்கவே வேண்டாம். பி.பி.எக்ஸ்-இன் கோடெக் பட்டியலில் அதை முதலிடத்தில் வைக்கவும் மறக்காதீர்கள். வெளித் தொலைபேசி எண்களுக்குப் போகும் அழைப்பு பெரும்பாலும் ஜி.711-க்கு இறங்கிவிடும். உள் அழைப்புகளில் பயன் முழுதாகக் கிடைக்கும். பி.பி.எக்ஸ் ஆதரித்தால் 2012-இல் பொதுத் தரமாக அறிவிக்கப்பட்ட ஓப்பஸ் கோடெக் இன்னும் நல்லது, பாக்கெட் (இணையத்தில் குரல் போகும் சிறு துண்டு) இழப்பைத் தாங்குவதில் அது கெட்டி.

இனி அந்த 64 கிலோபிட் உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். குரல் 20 மில்லிவினாடித் துண்டுகளாக, வினாடிக்கு 50 பாக்கெட்டாகப் போகிறது. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட். அதன் தலையில் ஐ.பி, யு.டி.பி, ஆர்.டி.பி என்ற மூன்று நெறிமுறைகளின் தலைப்புகளும் சேர்ந்து 40 பைட். மொத்தம் 200 பைட், வினாடிக்கு 80 கிலோபிட். ஈத்தர்நெட் சட்டகத்தையும் சேர்த்தால் சுமார் 87. ஒரு திசைக்கு ஓர் அழைப்புக்கு 100 கிலோபிட் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. 8 கிலோபிட் கோடெக்கான ஜி.729-ஐப் போட்டாலும் குரல் 20 பைட், தலைப்பு 40 பைட் என்று 24 கிலோபிட் ஆகிவிடும்.

இந்தக் கணக்கில் பலர் தவறவிடும் இடம், கூட்டு அழைப்பை எங்கே கலக்கிறோம் என்பது. கான்ஃபரன்ஸ் போன்கள் பலவும் தாமே நான்கைந்து பேரை இணைக்கும் என்று விளம்பரப்படுத்தப்படுகின்றன. போன் தானே நான்கு வெளி நபர்களை இணைத்தால் கிளையின் இணைப்பிலிருந்து நான்கு தனித்தனி ஓடைகள் மேலே ஏற வேண்டும், சுமார் 350 கிலோபிட். அதே கூட்டத்தை பி.பி.எக்ஸ்-இல் உள்ள கான்ஃபரன்ஸ் அறையில் வைத்தால் கிளையிலிருந்து ஒரே ஓடைதான். கிளை இணைப்பு துண்டித்தாலும் மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆகவே "ஐந்து பேர் இணைக்கும் வசதி"க்காக அதிக விலை கொடுக்காதீர்கள்.

மறுமுனைக்குக் கேட்பது கிளையின் அப்லோடு பாதை வழியாகத்தான் போகிறது. டவுன்லோடு வேகம் எவ்வளவு இருந்தாலும், கிளவுடு பேக்கப்போ கேமரா பதிவோ அப்லோடை நிரப்பினால் குரல் பாக்கெட்டுகள் ரவுட்டரில் வரிசையில் நின்றுவிடும். ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டே பி.பி.எக்ஸ் சர்வருக்கு பிங் (போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) போட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 30 மில்லிவினாடி காட்டியது 400-க்குத் தாவினால் போனை மாற்றிப் பயனில்லை. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்து அப்லோடுக்கு வரம்பு போட வேண்டும். குரல் பாக்கெட்டுக்கு டி.எஸ்.சி.பி (பாக்கெட்டின் முன்னுரிமைக் குறி) மதிப்பு 46 வழக்கம். பொது இணையத்தில் போனபின் அதை யாரும் மதிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, ஆனால் நெரிசல் பெரும்பாலும் உங்கள் ரவுட்டர் வாசலில்தான் என்பதால் அங்கே அது உதவும். ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது, 400-ஐத் தாண்டக் கூடாது என்பது ஐ.டி.யு-டி ஜி.114 சொல்லும் அளவு.

ரவுட்டரில் எஸ்.ஐ.பி ஏ.எல்.ஜி என்ற அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவுவதாக நினைத்து எஸ்.ஐ.பி செய்திகளைத் திருத்தி, ஒரு பக்கம் மட்டும் கேட்பது, குறிப்பிட்ட நேரத்தில் அழைப்பு அறுவது போன்ற விசித்திரக் கோளாறுகளை உண்டாக்குவது பெரும்பாலும் இதுதான். போனில் கீப்-அலைவ் (வழியைத் திறந்து வைக்க அவ்வப்போது சிறு செய்தி அனுப்பும்) வசதியை இயக்குங்கள். இல்லையென்றால் சும்மா இருக்கும் நேரத்தில் ரவுட்டர் வழியை மூடிவிட, வெளியிலிருந்து வரும் அழைப்பு ஒலிக்கவே ஒலிக்காது.

படி 6: மின்சாரமும் கேபிளும்

கான்ஃபரன்ஸ் போன்கள் பல பெட்டியில் அடாப்டர் இல்லாமல் வரும். பி.ஓ.இ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும்) சுவிட்ச் இருக்கிறதா, எந்தத் தரம் என்று பாருங்கள். 2003-இன் 802.3ஏ.எஃப் போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், கருவிக்குப் போய்ச் சேருவது 12.95. 2009-இன் 802.3ஏ.டி 30 வாட், கருவிக்கு 25.5. திரை பெரிதாக உள்ள அல்லது துணைக்கருவி செருகும் மாடல்கள் இரண்டாவதைக் கேட்கலாம். சுவிட்ச் இல்லையென்றால் கேபிளில் மின்சாரம் சேர்க்கும் ஒற்றை இன்ஜெக்டர் போதும். வைஃபை உள்ள மாடல் வாங்கினாலும் கேபிளிலேயே ஓட்டுங்கள். யு.பி.எஸ் போட்டால் போன், சுவிட்ச், ரவுட்டர், மோடம் நான்கும் அதில் இருக்க வேண்டும்.

படி 7: பாதுகாப்பு, அவசர அழைப்பு

கூட்ட அறை போன் பல பேர் கைபடும் இடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். எஸ்.ஐ.பி-க்கு டி.எல்.எஸ், குரலுக்கு எஸ்.ஆர்.டி.பி என்ற குறியாக்க முறைகள் இரண்டையும் ஆதரிக்கும் மாடலைத் தேர்ந்தெடுத்து அவற்றை இயக்குங்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் அந்த எக்ஸ்டென்ஷனில் அடைத்துவிடுங்கள். தானாக எடுக்கும் வசதி அணைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். அது இயங்கினால், எண் தெரிந்த யாரும் அழைத்து அறையில் நடப்பதைக் கேட்கலாம்.

அவசர அழைப்பு பற்றி அலட்சியம் வேண்டாம். கிளையில் இருக்கும் போன் தலைமை அலுவலக பி.பி.எக்ஸ் வழியாக வெளியே போனால், அவசர எண்ணை அழைக்கும்போது உதவிக் குழுவுக்குத் தலைமை அலுவலக முகவரி போகலாம். கிளையின் முகவரியையும் எண்ணையும் அந்த எக்ஸ்டென்ஷனோடு இணைக்கச் சேவையாளரிடம் சொல்லுங்கள். சோதனை எண் உண்டா என்று கேட்டு அதில் சரிபாருங்கள். உண்மையான அவசர எண்ணை அழைத்துச் சோதிக்காதீர்கள். போனின் பக்கத்தில் கிளை முகவரியை எழுதிய அட்டையும் இருக்கட்டும்.

படி 8: வாங்கிய பிறகு செய்யும் சோதனை

இதற்குக் கிளையில் இரண்டு பேர், தலைமை அலுவலகத்தில் நல்ல ஹெட்செட்டோடு ஒருவர் வேண்டும். மூவருக்கும் தெரிவித்துவிட்டு அழைப்பைத் தலைமை அலுவலகப் பக்கம் பதிவு செய்யுங்கள். அறையில் ஏ.சி வழக்கம்போல் ஓடட்டும்.

கிளையில் ஒருவர் தொலைதூர நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கூட்டத்தில் பேசும் அதே குரலில் பெயர்களையும் எண்களையும் வாசிக்கட்டும். மறுமுனையில் இருப்பவர் கேட்டதை எழுதட்டும். இரண்டு தாள்களையும் ஒப்பிட்டால் மைக் எல்லை பற்றிய விளம்பரத்தின் உண்மை தெரிந்துவிடும். பிறகு இரட்டைப் பேச்சு: தலைமை அலுவலகத்தவர் ஒன்றிலிருந்து இருபதுவரை மேலேறி எண்ண, அதே நேரம் கிளையில் இருப்பவர் இருபதிலிருந்து கீழிறங்கி எண்ணட்டும். பதிவில் கிளையின் எண்களில் எவை விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒன்றிரண்டு மங்கினால் பரவாயில்லை. பதினாறு, பதினைந்து, பதினான்கு என்று தொடர்ச்சியாகக் காணாமல் போனால் அது முழு டூப்ளக்ஸ் அல்ல.

அடுத்து தலைமை அலுவலகத்தவர் கையை ஒருமுறை சுருக்கெனத் தட்டிவிட்டுக் காத்திருக்கட்டும். அந்தத் தட்டல் திரும்பி வருகிறதா? அழைப்பின் முதல் சில வினாடிகளில் லேசாக வந்து மறைந்தால், எதிரொலி நீக்கி அறையைப் பழகிக்கொள்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடம் கழித்தும் வந்தால் கருவி அந்த அறைக்குப் போதாது. கடைசியாக, இரண்டாமவர் காகிதம் புரட்டி, மடிக்கணினியில் தட்டச்சு செய்து, பெரிய கோப்பு ஒன்றை அப்லோடு செய்யட்டும். பேச்சு தடைபடாமல் போக வேண்டும்.

போன் மேசை நடுவில், புரொஜெக்டரிலிருந்து தள்ளி, முன்னால் மடிக்கணினித் திரை மறைக்காமல் இருக்க வேண்டும். அழைப்பின் நடுவே அதை இழுத்து நகர்த்தினால் எதிரொலி நீக்கி மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிவரும், அந்த நேரம் மறுமுனை எதிரொலியைக் கேட்கும்.

பல கிளைகளுக்கு வாங்குவதாக இருந்தாலும் முதலில் ஒன்றே ஒன்றை வாங்கி, இருப்பதிலேயே மோசமான அறையுள்ள கிளைக்கு அனுப்புங்கள். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள், அந்தக் கிளையோடு அடிக்கடி பேசும் மறுமுனை ஆட்களிடம் கருத்துக் கேளுங்கள். கிளையில் இருப்பவர்கள் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று சொன்னாலும், மறுமுனை சரி என்று சொன்ன பிறகே மீதி ஆர்டரைக் கொடுங்கள்.